ஒன்பதாவது இன்னிங்ஸின் பலிகடா: ‘நம்பிக்கை’ என்னும் சொல்லாடல் குறித்துச் சில குறிப்புகள்

‘அவனை நம்பாதே’ என்பதுதான் எனக்கு முதலில் சொல்லித்தரப்பட்டது. பேஸ்பாலின் விதிகள் எல்லாம் அதற்குப் பிறகுதான் வந்தன. நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் ஓர் உணவகத்தின் பின்கட்டில் நான் தட்டுக் கழுவிய ஆண்டுகளில், பக்கத்துத் தொட்டியில் நின்ற தொமினிக்கன் நண்பர்தான் எனக்கு ஆசான். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அலமாரியின் மேல்தட்டில் எண்ணெய்ப் பிசுக்கேறிய ஒரு சின்ன டிவி இருந்தது. குவீன்ஸ் என்றால் மெட்ஸ் அணி. மெட்ஸ் ஆடும் இரவுகளில் அது ஓடிக்கொண்டே இருக்கும். 2019 செப்டம்பர் 3, வாஷிங்டனில் ஆட்டம். ஒன்பதாவது இன்னிங்ஸின் முதற்பாதி முடிந்தபோது மெட்ஸ் 10, வாஷிங்டன் 4. எதிரணிக்குக் கடைசி மூன்று அவுட் மட்டுமே மிச்சம். நான் அடுப்பைத் துடைக்கப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் 11–10. வாஷிங்டன் ஜெயித்திருந்தது. ஒரே அரை இன்னிங்ஸில் ஏழு ரன். கடைசிப் பந்தை எறிந்தவர் எட்வின் டியாஸ். அதைச் சுவருக்கு அப்பால் அனுப்பியவர் கர்ட் சுசுகி. நண்பர் ஈரக் கையைக்கூடத் துடைக்கவில்லை. ‘நான் சொன்னேன்ல?’ என்றார். அவ்வளவுதான்.

அந்த ‘நான் சொன்னேன்ல’-வைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன்.

டியாஸ் மைதானத்துக்குள் வருவதற்கு முன்பே அந்த இன்னிங்ஸில் ரன்கள் போயிருந்தன. பேஸ்களில் ஆட்கள் நின்றிருந்தார்கள். அவருக்கு முன்னால் எறிந்தவர்கள் இருந்தார்கள். மறுநாள் எங்கள் பின்கட்டில் ஒருவருக்கும் அவர்கள் பெயர் நினைவில்லை. டியாஸ், டியாஸ், டியாஸ் என்று ஒரே பெயர். அந்த ஆண்டு நெடுக அந்த ஊரில் டீக்கடைப் பேச்சுபோல ஒரே கேள்வி சுற்றிக்கொண்டிருந்தது: ‘நம்ம குளோசரை நம்பலாமா?’ இந்தக் கேள்வியின் இலக்கணத்தைக் கவனியுங்கள். எழுவாய் ரசிகர்கள். செயப்படுபொருள் ஒரே ஒரு மனிதன். எட்டு இன்னிங்ஸ், இருபத்தைந்து ஆட்டக்காரர்கள், ஒரு மேனேஜர், ஒரு முதலாளி, ஒரு சம்பளப் பட்டியல் இவை அனைத்தும் வாக்கியத்திலிருந்து விழுந்துவிட்டன. எனவே, நம்பலாமா கூடாதா என்று பதில் சொல்லப் புகுவதற்கு முன்னால், இப்படியொரு கேள்வி உற்பத்தியானது எப்படி என்று கேட்டாக வேண்டியிருக்கிறது.

பேஸ்பாலைப் பற்றி இந்தப் பக்கங்களில் எதற்கு என்று முணுமுணுக்கும் தோழர்களுக்கு: குறைந்தபட்ச விவரம் மட்டும் தருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒன்பது இன்னிங்ஸ். ஒவ்வொன்றிலும் இரு அணியும் மூன்று அவுட் ஆகும்வரை மட்டை பிடிக்கும். பந்து எறிபவர் பிட்சர். களைத்தால் மாற்று ஆள். அந்த மாற்று ஆட்களில் ஒருவனை மட்டும் தனியே எடுத்து, முன்னிலையில் இருக்கும்போது கடைசி இன்னிங்ஸை முடித்துக் கொடுப்பதற்கென்றே வைத்திருப்பார்கள். அவன்தான் குளோசர். கிரிக்கெட்டில் கடைசி ஓவர் போடுபவன் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அங்கே அவன் அதற்கு முன்பும் ஓவர் போட்டிருப்பான். இங்கே இவனுக்கு இது ஒன்றுதான் வேலை. சுமார் பதினைந்து பந்து. மீதி நேரமெல்லாம் மைதானத்து ஓரத்தில் ‘புல்பென்’ என்னும் பட்டியில் உட்கார்ந்திருப்பான்.

இந்த ஆள் இயற்கையில் விளைந்தவன் அல்லன். ஒரு கணக்குதான் இவனைப் பெற்றெடுத்தது. கதை இப்படி: 1959இல் பிட்ஸ்பர்க் அணியில் எல்ராய் ஃபேஸ் என்று ஒரு மாற்று பிட்சர். அந்த ஆண்டு அவர் கணக்கில் 18 வெற்றி, ஒரே தோல்வி. பார்ப்பதற்குப் பிரமாதம். ஆனால் சில ஆட்டங்களில் அவரே முன்னிலையைக் கோட்டைவிட்டு, பிறகு அவருடைய அணி அடித்து ஜெயித்து, வெற்றி அவர் பெயரில் ஏறியிருந்தது. ஒழுங்காக முன்னிலையைக் காத்துக் கொடுத்த மற்ற அணி மாற்றாளர்களின் பெயருக்கு நேரே ஒன்றுமே இல்லை. சிகாகோ பத்திரிகையாளர் ஜெரோம் ஹோல்ட்ஸ்மன் இதைப் பார்த்துக் கடுப்பானார். காத்துக் கொடுத்தவனுக்கென்று ஒரு கணக்கு வேண்டும் என்று ‘சேவ்’ என்ற ஒன்றை உருவாக்கினார். 1969இல் அது அதிகாரபூர்வமான புள்ளியாயிற்று. இரண்டொரு திருத்தங்களுக்குப் பிறகு 1975இல் இன்றைய வடிவத்துக்கு வந்தது. மூன்று ரன்னுக்கு மிகாத முன்னிலையோடு வந்து, குறைந்தது ஓர் இன்னிங்ஸ் எறிந்து, ஆட்டத்தை முடித்தால் ஒரு சேவ். வேறு சில வழிகளும் உண்டு, அவை நமக்கு வேண்டாம்.

சேவ் என்பதைத் தமிழில் ‘காப்பு’ என்று சொல்லிப் பார்க்கிறேன். நம் பேச்சில் காப்பு என்றால் பாதுகாப்பு, கையில் போடும் நகை. போலீஸ்காரன் மாட்டுவதும் காப்புதான். இந்தக் கணக்கும் இந்த மூன்று பொருளிலும்தான் வேலை செய்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத உழைப்பைக் கண்ணுக்குத் தெரியச் செய்யவேண்டும் என்ற நியாய உணர்விலிருந்து பிறந்தது அது (இதை மறுக்க முடியாது, ஹோல்ட்ஸ்மனை வில்லனாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை). ஆனால் எண்ணத் தொடங்கியதும் எண்ணப்படுவதற்கேற்ப உழைப்பே மாறத் தொடங்கியது. 1974இல் மைக் மார்ஷல் 106 ஆட்டங்களில் இறங்கி, 208 இன்னிங்ஸ் எறிந்தார், எல்லாமே மாற்றாளராக. ஆறாவதோ எட்டாவதோ, எங்கே தீப்பிடித்ததோ அங்கே போய் அணைப்பார். 1988இல் ஓக்லண்டின் மேனேஜர் டோனி லருஸா, டென்னிஸ் எக்கர்ஸ்லியை ஏறக்குறைய ஒன்பதாவதுக்கு மட்டுமே என்று ஒதுக்கிவைத்தார். 45 சேவ். எறிந்த இன்னிங்ஸ் 73ஐத் தொடவில்லை. எல்லா அணிகளும் அதைப் பிரதியெடுத்தன. எங்கே தீ என்பது போய், எப்போது கணக்கில் ஏறும் என்பது வந்துவிட்டது. அதே 1988 அக்டோபர் 15, உலகத் தொடரின் முதல் ஆட்டத்தில், இரண்டு காலும் காயம்பட்டு நொண்டிக்கொண்டு வந்த கிர்க் கிப்ஸனிடம் எக்கர்ஸ்லி ஒரு ஹோம் ரன் வாங்கி ஆட்டத்தைத் தோற்றார் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். ‘குளோசர்’ என்ற தன்னிலை உருவான வருஷமே அதன் பலிச்சடங்கும் நடந்தாயிற்று.

இங்கே ஒரு சின்னக் கணக்கைப் பார்ப்போம். பழைய ஆட்டங்களின் பதிவுகளைத் திரட்டும் ரெட்ரோஷீட் அமைப்பை நிறுவிய டேவிட் ஸ்மித், பல பத்தாண்டு ஆட்டங்களைப் புரட்டி ஒன்றைக் கண்டார். ஒன்பதாவது இன்னிங்ஸுக்குள் முன்னிலையோடு நுழையும் அணி ஏறக்குறைய 95 விழுக்காடு ஜெயிக்கிறது. இதில் அதிசயம் ஒன்றுமில்லை. அதிசயம் அடுத்தது. குளோசர் என்ற ஒருவனே இல்லாத 1940களிலும் அதே 95தான். கோடிக்கணக்கில் கொட்டி அவனை வாங்கிவைத்த பிறகும் அதே 95தான். அப்படியானால் நாம் ‘நம்பிக்கை’ என்று எதைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்? எட்டு இன்னிங்ஸில் எல்லோரும் சேர்ந்து ஈட்டிய ஒரு நிகழ்தகவுக்கு நாம் ஒரு மனிதனின் முகத்தை ஒட்டுகிறோம். ஜெயித்தால் அந்த 95 அவனுடைய திறமையாகிறது. தோற்றால் மிச்சமுள்ள 5 அவனுடைய குணக்கேடாகிறது. கூட்டு உழைப்பின் உபரி ஒருவன் பெயரில் வரவுவைக்கப்படுகிறது. கூட்டுக் கடனும் அவன் பெயரிலேயே. உபரியை முதலாளிதான் எடுத்துக்கொள்வான் என்று படித்திருக்கிறோம். கடனை மட்டும் ஒரு தொழிலாளியின் தலையில் இப்படிக் கட்டமுடியும் என்பதை நான் அந்தப் பின்கட்டில்தான் கற்றேன். மீனைக் கருக்கியவன் ஒருத்தன், ஆர்டரைத் தாமதமாக எழுதியவன் ஒருத்தன். சாப்பிட வந்தவரிடம் வசை வாங்குவது தட்டைக் கொண்டுபோய் வைத்த பையன்.

‘லட்சக்கணக்கான டாலர் வாங்குறவனுக்காக நாம எதுக்குய்யா கண்ணீர் விடணும்?’ என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. டியாஸுக்கு 2022 நவம்பரில் ஐந்து ஆண்டுக்கு 102 மில்லியன் டாலர் ஒப்பந்தம். நான் கண்ணீர் விடச் சொல்லவில்லை. சம்பளம் எதற்குத் தரப்படுகிறது என்று பார்க்கச் சொல்கிறேன். டெலின் பெட்டான்ஸஸ் கதை இதைப் பளிச்சென்று காட்டும். நியூயார்க் யாங்கீஸ் அணியில் 2014, 2015, 2016 மூன்று ஆண்டும் ஆல்-ஸ்டார். மூன்று ஆண்டும் நூறு பேருக்கு மேல் ஸ்ட்ரைக்-அவுட். ஏழாவதிலும் எட்டாவதிலும் எதிரணியின் முதுகெலும்பை முறிப்பார். ஒன்பதாவதை வேறொருவர் வந்து முடிப்பார். 2017இல் அவர் 5 மில்லியன் கேட்டார். அணி 3 மில்லியன் என்றது. நடுவர் குழு அணிக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. ஜெயித்ததோடு நிற்காமல் அணியின் தலைவர் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு, பெட்டான்ஸஸ் குளோசரே இல்லை, தான் விண்வெளி வீரன் என்று நான் சொல்லிக்கொள்வதைப் போன்றது இது என்கிற ரீதியில் கிண்டலடித்தார். ‘நம்பிக்கைக்குரியவன்’ என்பது ஒரு சம்பளக் கிரேடு. அதை யாருக்கு வழங்குவது என்ற அதிகாரம் அணியிடம் இருக்கிறது. ரசிகன் தன் இதயத்திலிருந்து ஊறுவதாக நினைக்கிற நம்பிக்கை, மேலாளர் அறையில் விலை குறிக்கப்பட்டு அவனிடம் வந்து சேர்கிறது.

நம்பிக்கையைப் பெட்டிக்குள் பூட்டி வைத்த நகையாக்கிய கதையும் ஒன்று உண்டு. 2016இல் பால்டிமோர் அணியின் ஜாக் பிரிட்டன் 47 வாய்ப்பில் 47 சேவ். ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக 0.54 ரன்தான் கொடுத்தார். இதைவிட நம்பத்தக்க ஓர் ஆளை அந்த ஆண்டில் காட்ட முடியாது. அக்டோபர் 4, டொரன்டோவில் ஒரே ஆட்டம், தோற்றால் வீடு. 2–2 என்று சமநிலையில் கூடுதல் இன்னிங்ஸ் போய்க்கொண்டிருந்தது. பிரிட்டன் பட்டியிலேயே உட்கார்ந்திருந்தார். ஏன்? முன்னிலை வரவில்லை. முன்னிலை வந்தால்தானே ‘காக்க’ முடியும்? வெளியூர் அணி என்பதால் ஒரே ஒரு ரன் போனாலே கதை முடிந்துவிடும் என்ற நிலையிலும் மேனேஜர் பக் ஷோவால்டர் அவருக்காகக் காத்திருந்தார், அதாவது அவருடைய கணக்குக்காக. பதினொன்றாவதில் உபால்டோ ஹிமனஸ் எறிந்த பந்தை எட்வின் என்கார்னசியோன் அடித்தார். 5–2. அந்த ஆண்டின் ஆகச் சிறந்த மாற்றாளர் ஒரு பந்துகூட எறியாமல் வீட்டுக்குப் போனார். ஒரு விதி மனிதர்களின் தலைக்குள் புகுந்துகொண்டு, அதை மீறினால் தண்டனை எதுவும் இல்லாதபோதும், எப்படிக் கீழ்ப்படிய வைக்கிறது என்பதற்கு நான் பூக்கோவைப் புரட்ட வேண்டியதில்லை.

இனி டானி மூர். இவரைப் பற்றி எழுதவேண்டுமா என்று பல நாள் தயங்கினேன்.

1986 அக்டோபர் 12. கலிஃபோர்னியா ஏஞ்சல்ஸ் அணி பாஸ்டனுக்கு எதிராக 3–1 என்று முன்னால் நிற்கிறது. இன்னும் ஓர் ஆட்டம் ஜெயித்தால் வரலாற்றில் முதல் முறையாக உலகத் தொடர். ஒன்பதாவது இன்னிங்ஸில் 5–2. தொடக்கத்திலிருந்து எறிந்து வந்த மைக் விட்டிடம் டான் பேலர் இரண்டு ரன் ஹோம் ரன் அடிக்கிறார், 5–4. அடுத்து வந்த கேரி லூகஸ் ஒரே ஒரு பந்து எறிகிறார். அது மட்டையாளர்மேல் படுகிறது, ஆள் பேஸுக்குப் போகிறார். அதன் பிறகுதான் மூர் வருகிறார், தோள் வலியோடு. இரண்டு அவுட், இரண்டு ஸ்ட்ரைக். இன்னும் ஒரே ஒரு ஸ்ட்ரைக். டேவ் ஹெண்டர்சன் அடிக்கிறார், 6–5. இத்துடன் ஆட்டம் முடிந்ததாகத்தான் பலர் நினைவில் இருக்கிறது. முடியவில்லை. ஏஞ்சல்ஸ் அதே இன்னிங்ஸில் சமன் செய்தது. மூன்று பேஸிலும் ஆள், ஒரே அவுட், ஒரு ரன் எடுத்தால் போதும். எடுக்க முடியவில்லை. பதினொன்றாவதில்தான் தோற்றது. அடுத்து இன்னும் இரண்டு ஆட்டங்கள் மிச்சமிருந்தன. 10–4, 8–1 என்று அவற்றையும் தோற்றது. இத்தனை கைகளை அழித்துவிட்டு ஒரே கை மிச்சம் வைக்கப்பட்டது. அதன் பிறகு இரண்டு பருவங்கள் சொந்த ஊர் ரசிகர்கள் மூரைக் கூவிக் கூவி விரட்டினார்கள். 1988இல் அணி அவரைக் கழற்றிவிட்டது. 1989 ஜூலை 18 அன்று வீட்டில் மனைவியைத் துப்பாக்கியால் சுட்டுவிட்டு, தன்னையும் சுட்டுக்கொண்டு மூர் இறந்தார். மனைவி பிழைத்தார்.

‘ஒரு பந்து ஒரு மனிதனைக் கொன்றது’ என்ற கதையாடல் உடனே தயாரானது. இன்றுவரை அது உயிரோடு இருக்கிறது. ரசிகர்களின் குற்ற உணர்வுக்கு அது வசதியானது, கேட்கவும் சோகமாக, காவியமாக இருக்கிறது. நான் அதை ஏற்க மறுக்கிறேன், இரண்டு காரணங்களுக்காக. ஒன்று, காயம், வேலை போனது, குடும்பத்துக்குள் நடந்தவை என்று அவ்வளவையும் அந்த ஒரு பந்து விழுங்கிவிடுகிறது. அவரைத் தண்டிக்கப் பயன்பட்ட அதே தர்க்கம்தான் அவருக்கு இரங்கவும் பயன்படுகிறது: எல்லாவற்றுக்கும் கடைசிப் பந்தே காரணம். இரண்டாவதுதான் முக்கியம். சுடப்பட்டவர் ஒரு பெண். இந்தக் கதையில் அவர் ஒரு துணை வாக்கியம். பேஸ்பாலின் துன்பியல் நாயகனுக்குப் பக்கத்தில் குண்டடிபட்டுக் கிடந்தவரின் இடம் இவ்வளவுதான் என்றால், இந்த ‘நம்பிக்கை/துரோகம்’ என்கிற இருமை யாரை வெளியே தள்ளிக்கொண்டு தன்னைக் கட்டமைத்துக்கொள்கிறது என்று கேட்க வேண்டாமா?

கேட்டாக வேண்டும் என்பதற்கு 2019 அக்டோபர் 19 சாட்சி. ஹூஸ்டனும் யாங்கீஸும். ஒன்பதாவது இன்னிங்ஸில் ஹூஸ்டனின் குளோசர் ரொபெர்தோ ஒசுனா இரண்டு ரன் முன்னிலையைத் தொலைத்தார். பதிலுக்கு யாங்கீஸின் குளோசர் அரோல்டிஸ் சாப்மன், ஹோசே அல்டூவேயிடம் ஹோம் ரன் வாங்கினார். ஹூஸ்டன் உலகத் தொடருக்குப் போனது. அன்று இரவு ரசிகர்கள் கேட்டது எந்தக் குளோசரை நம்பலாம் என்று. இருவருமே குடும்ப வன்முறை விதியின் கீழ் தண்டிக்கப்பட்டவர்கள். சாப்மன் 2016இல் 30 ஆட்டங்கள் (வழக்குப் பதிவாகவில்லை, வீட்டு வண்டிக்கொட்டகையில் துப்பாக்கியால் எட்டு முறை சுட்டார்), ஒசுனா 2018இல் 75 ஆட்டங்கள் (டொரன்டோவில் போடப்பட்ட வழக்கு பின்னர் விலக்கிக்கொள்ளப்பட்டது). சாப்மன்மீது புகார் வெளியானதும் அவரை வாங்கவிருந்த ஓர் அணி பின்வாங்கியது. விலை இறங்கியது. இறங்கிய விலையில் யாங்கீஸ் வாங்கியது. ஒசுனாவைத் தண்டனைக் காலத்திலேயே ஹூஸ்டன் வாங்கியது. கொடுத்த ஆட்களில் ஒருவர் கென் கைல்ஸ். அந்த ஆண்டு மே மாதம் ஒரு ஹோம் ரன் வாங்கிவிட்டுப் போகும்போது தன் முகத்தில் தானே குத்திக்கொண்ட குளோசர். தன்னைத்தானே அடித்துக்கொண்டவனைக் கொடுத்து, பெண்ணை அடித்ததாகப் புகாருக்குள்ளானவனை வாங்கினார்கள். ஒரு பெண்ணின் உடம்பின்மீதான வன்முறை இந்தச் சந்தையில் தள்ளுபடியாக மொழிபெயர்க்கப்படுகிறது.

அந்த இரவு உடைமாற்றும் அறைக் கொண்டாட்டத்தில் ஹூஸ்டனின் உதவிப் பொது மேலாளர் பிராண்டன் டாப்மன், அங்கே நின்ற பெண் பத்திரிகையாளர்களைப் பார்த்து, ஒசுனாவை வாங்கியது எவ்வளவு நல்லதாய்ப் போயிற்று என்று கத்தினார். அவர்களில் ஒருவர் குடும்ப வன்முறைக்கு எதிரான ஊதா வளையத்தைக் கையில் அணிந்திருந்தார். அதை எழுதிய செய்தியை அணி முதலில் பொய் என்றது. சில நாளில் பின்வாங்கி அவரை வேலையைவிட்டு நீக்கியது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அன்று ஒசுனா காப்பாற்றவில்லை! முன்னிலையைத் தொலைத்த இரவில்தான் அவரை வாங்கியதற்கான கொண்டாட்டம். அப்படியென்றால் அங்கே கொண்டாடப்பட்டது பந்து எறிதலே அல்ல. ‘எங்க ஆளு’ என்ற ஆண்களின் கூட்டணி. நம்பிக்கை என்ற சொல் தன் சட்டையைக் கழற்றிய தருணம் அது.

இதற்கெல்லாம் மறுமொழியாகப் புள்ளிவிவரக்காரர்கள் ஒரு கோஷ்டி உண்டு. குளோசரே வேண்டாம், எண்களை நம்புங்கள் என்பார்கள். 2003இல் பாஸ்டன் அணி, பில் ஜேம்ஸை ஆலோசகராக வைத்துக்கொண்டு, யார் வேண்டுமானாலும் முடிக்கலாம் என்று தொடங்கியது. முதல் ஆட்டத்திலேயே முன்னிலை போயிற்று. பத்திரிகைகள் நார்நாராய்க் கிழித்தன. மே மாத முடிவில் பியுங்-ஹியுன் கிம்மை வாங்கினார்கள், பிறகு அவரே குளோசர். அந்த அக்டோபரில் அவருடைய சொந்த மைதானமே அவரைக் கூவியது. அவர் நடுவிரலைக் காட்டினார். மன்னிப்பும் கேட்டார். எண்களின் கட்சிமீது எனக்கு மரியாதை உண்டு, மேலே அவர்களுடைய 95ஐத்தான் கடன் வாங்கினேன். ஆனால் ரசிகனின் பயத்தை அவர்கள் அறியாமை என்று ஒதுக்குகிறபோது எனக்கு ஒப்பவில்லை. என் நண்பரின் வயிற்றில் ஒன்பதாவது இன்னிங்ஸில் பிசைந்தது எதுவோ, அது எண்ணால் தீர்கிற விஷயமல்ல. வாழ்நாளெல்லாம் கடைசி நேரத்தில் கை நழுவிப் போனவற்றின் பட்டியல் அவரிடம் இருந்தது.

இப்போது 95ஐயும் உடைத்துச் சில்லறையாக்கிவிட்டார்கள். 2018இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விளையாட்டுச் சூதாட்டத்தின் மீதான மையத் தடையை நீக்கியது. அதன் பிறகு ஆட்டத்தின்மீது மட்டுமல்ல, ஒவ்வொரு பந்தின்மீதும் கைபேசியில் பணம் கட்டலாம் என்றாயிற்று. கிளீவ்லண்டின் குளோசர் இமானுவல் கிளாஸே 2024இல் 47 சேவ், ரன் சராசரி 0.61. அவர்மீதும் சக பிட்சர் லூயிஸ் ஓர்ட்டிஸ்மீதும் 2025 நவம்பரில் நியூயார்க் கூட்டாட்சி வழக்குரைஞர்கள் குற்றம் சாட்டினார்கள்: குறிப்பிட்ட பந்துகளை வேண்டுமென்றே தவறாக எறிவதாகச் சூதாடிகளிடம் பேசிவைத்துக்கொண்டார்கள் என்று. இருவரும் மறுத்தார்கள். உண்மையை நீதிமன்றம் பார்க்கட்டும். எனக்கு முக்கியமாகப் படுவது குற்றச்சாட்டின் வடிவம். ஆட்டத்தைத் தோற்றுக் கொடுத்ததாக அதில் இல்லை. முதல் பந்தை மண்ணில் எறிந்துவிட்டு, அடுத்த பந்துகளில் மூவரையும் வீழ்த்தி, சேவும் வாங்கலாம். ரசிகன் எழுந்து நின்று கைதட்டுவான். அவன் நம்பியது வீண்போகவில்லை, அதே நேரத்தில் அவன் முழுசாக ஏமாற்றப்பட்டிருப்பான் என்கிற இந்த விநோத நிலைக்கு நம் பழைய சொற்களில், ‘துரோகம்’ உட்பட, இடமே இல்லை.

சரி, நம்பலாமா? இவ்வளவு எழுதிவிட்டு நழுவக் கூடாது. என் பதில்: நம்பலாம். பக்கத்துத் தொட்டிக்காரனை நம்புவதுபோல. அவன் கையில் ஒரு தட்டு உடையும் என்று எனக்குத் தெரியும். என் கையிலும் உடையும். உடைந்த அன்று அவனை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தாமல், துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போவேன். அதே சமயம் அவன் வீட்டில் ஒரு பெண்ணை அடிக்கிறான் என்றால் அவன் எத்தனை தட்டைப் பளபளவென்று கழுவினாலும் எனக்குப் பொருட்டில்லை. ஆனால் மைதானம் கேட்பது இந்த நம்பிக்கையை அல்ல. டியாஸ் பட்டியிலிருந்து வெளிவரும்போது ‘நார்கோ’ பாட்டின் ட்ரம்பெட் முழங்கும். 2022இல் நாற்பதாயிரம் பேர் கைகளை ஊதுகுழலாக்கிக்கொண்டு கூடவே ஊதினார்கள். அல்தூசர் ‘விளித்தல்’ என்றாரே, அதுதான் இது: பெயர் சொல்லி அழைக்கிறார்கள், திரும்பிப் பார்த்தவன் அந்தப் பெயராகவே ஆகிவிடுகிறான். 2019இல் அவனைக் கூவியவர்களும் இவர்களே. அந்த ஆண்டு அவருடைய ரன் சராசரி 5.59, 2022இல் 1.31. ஒரே மனிதன்.

இந்த இடத்தில் நண்பர் சொன்ன ஒன்றை எழுதிவிடுகிறேன். 2022 கோடையில் ஓர் இரவு. யார்தான் உங்களுக்கு நம்பத்தகுந்த குளோசர் என்று கேட்டேன். மரியானோ ரிவேராவா? 652 சேவ், 2019இல் ஒரு வாக்குக்கூடக் குறையாமல் புகழ்மாடத்துக்குள் போனவர். அவர் தட்டிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னார்: ‘அவன் 2001ல தோத்தான் பாரு, அதுதான் எனக்குப் பிடிச்ச ஆட்டம்.’ அது நவம்பர் 4, உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம். அரிசோனாவுக்கு எதிராக ஒன்பதாவதில் 2–1 என்று யாங்கீஸ் முன்னால். ரிவேராவே ஒரு பந்தைத் தவறாக வீசினார். பிறகு சமன். பிறகு லூயிஸ் கொன்ஸாலஸ் மெல்லத் தூக்கிவிட்ட பந்து ஆளில்லாத இடத்தில் விழுந்தது. 3–2. யாங்கீஸ் ஜெயித்திருந்தால் நியூயார்க்கில் ஊர்வலம். ஊர்வலம் முடிந்து ஊருக்குப் போக அணியின் தொமினிக்கன் ஆட்டக்காரர் என்ரிக்கே வில்சன் நவம்பர் 12ஆம் தேதி விமானத்தில் இடம் போட்டு வைத்திருந்தார். தோற்றதால் முன்கூட்டியே போய்விட்டார். அந்த 587ஆம் எண் விமானம் சாந்தோ தொமிங்கோவுக்குக் கிளம்பிய சில நிமிஷத்தில் குவீன்ஸிலேயே விழுந்தது. உள்ளே இருந்த 260 பேரும் இறந்தார்கள், தரையில் ஐந்து பேர். தோற்றதில் சந்தோஷம், நண்பன் மிஞ்சினான் என்று ரிவேரா பின்னால் சொன்னார்.

‘நம்ம தெருவுலயிருந்து போனவங்க அதுல இருந்தாங்க’ என்றார் நண்பர். ‘அவங்க யாரும் ஊர்வலத்துக்காக டிக்கெட் எடுக்கல.’

டிவியில் ட்ரம்பெட் தொடங்கியது. அவர் எட்டிச் சத்தத்தைக் குறைத்துவிட்டு, வெந்நீர்க் குழாயைத் திறந்தார்.